எந்த வாசலைத் தட்டுவது? வீடு, புளோக், நிலம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் வாரக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் அரசாங்க அடுக்குமாடிக் கட்டடத்தில், அதாவது புளோக்கில், தாழ்வாரம், மாடிப்படி, மின்தூக்கி, கீழ்த்தளம், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி ஆகியவை நகர மன்றத்தின் பொறுப்பு. வீட்டுக் கதவுக்கு உள்ளே இருப்பது உங்களுக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கும் (வீவக) இடைப்பட்ட விஷயம். ஜன்னல், கட்டட முகப்பு ஆகியவற்றின் பாதுகாப்பு விதிகளைக் கட்டட, கட்டுமான ஆணையம் வகுக்கிறது. தீப் பாதுகாப்புக்குக் குடிமைத் தற்காப்புப் படை. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையம் சொல்லும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் போவோம்.

குளியலறைக் கூரையில் ஆறு மாதமாக ஈரம். மேல்வீட்டு ஆன்ட்டியிடம் சொன்னால், "எங்க வீட்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார். நகர மன்றத்துக்குப் போன் செய்தால் "எங்கள் வேலையில்லை" என்கிறார்கள். யார்தான் பொறுப்பு?
*வாசகி, அங் மோ கியோ*

நகர மன்றம் சொன்னது சரிதான். இரண்டு வீடுகளுக்கு இடையே உள்ள தளத்தில் கசிவு வந்தால் மேல்வீட்டு உரிமையாளரும் கீழ்வீட்டு உரிமையாளரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்பதே வீவக விதி. மேல்வீட்டாருக்கு இது அநியாயமாகப் படாது, கீழ்வீட்டாருக்குத்தான் படும். ஆனாலும் விதி அதுதான். செலவு மொத்தமும் உங்கள் இருவர் தலையில் விழுவதில்லை. நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் சேர்ந்தால் பாதிச் செலவைக் கழகம் ஏற்கும். மீதியில் மேல்வீட்டார் 25 விழுக்காடு, நீங்கள் 25 விழுக்காடு.

கழகத்தைக் கூப்பிடுமுன் கசிவு எந்த வகை என்று நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இரவு பகல் பாராமல், யாரும் குளிக்காத நேரத்திலும் சொட்டினால், அழுத்தத்தில் ஓடும் தண்ணீர்க் குழாயில் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மேல்வீட்டாரிடம் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லி, வெளியே இருக்கும் அவர்களுடைய தண்ணீர் மீட்டரைச் சேர்ந்து பாருங்கள். எதுவுமே திறந்திருக்காத நிலையில் மீட்டர் நகர்ந்தால் வாதத்துக்கே இடமில்லை. அவர்கள் பில்லும் ஏறியிருக்கும் என்பதால் அவர்களே அக்கறை எடுப்பார்கள். குளித்த பிறகு மட்டும் ஈரம் கூடி, மறுநாள் காலைக்குள் குறைந்தால், டைலுக்கு அடியில் உள்ள நீர்க்காப்புப் பூச்சு தேய்ந்திருக்கலாம், அல்லது தண்ணீர் வடியும் வாயைச் சுற்றிய இணைப்பு விட்டிருக்கலாம். இதை உறுதிப்படுத்த வடிகால் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் விட்டுக் கீழே பார்ப்பது வழக்கம்.

"ஒன்றுமில்லை" என்று மேல்வீட்டார் சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. டைல் மேல் பார்த்தால் உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. டைல் சந்துகளின் வழியே இறங்கிய தண்ணீர் சிமெண்டுப் படுகையில் தேங்கி, தளத்தின் பலவீனமான இடத்தைத் தேடிப் போய் வெளியே வரும். ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எனவே சண்டைக்குப் போகாமல், நாள், நேரம் தெரியும்படி படங்கள் எடுத்து, கழகத்தின் உங்கள் வட்டாரக் கிளை அலுவலகத்தில் புகார் பதியுங்கள். அதிகாரி வந்து இரண்டு வீட்டையும் பார்ப்பார். மேல்வீட்டில் குடியிருப்பவர் வாடகைக்கு இருப்பவர் என்றால் அவரோடு பேசிப் பயனில்லை. உரிமையாளரைத்தான் பிடிக்க வேண்டும், அவரைக் கண்டுபிடிக்கவும் கழகமே உதவும்.

பழுது சரியாக நடந்ததா என்று பார்க்க ஒரு குறிப்பு. பழைய டைல் மேல் புது டைல் ஒட்டினால் கசிவு நிற்காது. டைலையும் படுகையையும் எடுத்து, புது நீர்க்காப்புப் பூச்சு போட வேண்டும். அது தரையோடு நிற்காமல் சுவரிலும் குறைந்தது 150 மில்லிமீட்டர் ஏற வேண்டும். குழாய் தரையைத் துளைத்து இறங்கும் இடங்களில்தான் வேலை அவசரமாக முடிக்கப்படும், கசிவும் மறுபடி அங்கேதான் வரும். டைல் போடுமுன் தண்ணீர் தேக்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். உங்கள் கூரைக்குப் பெயிண்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். தளம் முழுக்கக் காயாமல் அடித்தால் சில வாரத்தில் உப்பிக்கொண்டு வரும்.

மேல்வீட்டார் கதவையே திறக்க மறுத்தால் சமூகச் சமரச நிலையத்துக்குப் போகலாம். கழகத்தில் பதிந்த புகார் எண்ணும் படங்களும் அங்கே உதவும்.

படுக்கையறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. தெரிந்தவரை வைத்துப் பூசிவிடலாமா?
*வாசகர், பிடோக்*

மேலாகப் பூசினால் சில மாதத்தில் இன்னும் பெரிதாகக் கழன்று விழும். காற்றில் உள்ள கரியமில வாயு பல்லாண்டுகளாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பியைக் காத்துவந்த காரத்தன்மையைக் குறைத்துவிடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். துருவை விட்டுவைத்து மேலே பூசினால் அது உள்ளே வேலையைத் தொடரும்.

முறையான பழுதுபார்ப்பு இப்படி: கரண்டியால் தட்டிப் பார்த்து, வெற்றொலி வரும் இடம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைக் கம்பித்தூரிகையால் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். பிறகு ஒட்டுக்கலவை தடவி, பாலிமர் கலந்த காரையை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். ஒரே அடியில் கனமாக அப்பினால் அது தன் எடைக்கே தொங்கிக் கழலும். கம்பி மிகவும் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டியிருக்கும். அதை வீவக அதிகாரி பார்த்துத் தீர்மானிக்கட்டும். இதுவும் நல்லெண்ண உதவித் திட்டத்தில் வரும், கழகமும் நீங்களும் பாதிப்பாதி. வேலை நடக்கும்வரை அந்த இடத்துக்குக் கீழே கட்டில் போடாதீர்கள். பொய்க்கூரை போட்டு மறைப்பது ஆபத்து.

எங்கள் புளோக்குக்கு வீட்டு மேம்பாட்டுத் திட்டம் வருகிறது, ஓட்டுப் போடச் சொல்கிறார்கள். குளியலறையை நாங்கள் ஏற்கெனவே செலவு செய்து புதுப்பித்துவிட்டோம். "வேண்டாம்" என்று போடலாமா?
*வாசகர், தோ பாயோ*

ஓட்டு உங்கள் விருப்பம். ஆனால் எதற்கு எதிராகப் போடுகிறீர்கள் என்று தெரிந்து போடுங்கள். 2007இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இரண்டு பகுதி உண்டு. பெயர்ந்த கான்கிரீட், கழிவுநீர்க் குழாய், மின்பளு உயர்த்துதல் போன்ற அத்தியாவசிய வேலைகளுக்குச் சிங்கப்பூர்க் குடிமக்கள் ஒரு காசும் தர வேண்டாம். குளியலறை, வாசற்கதவு, இரும்புக் கிராதி, குப்பைத்தொட்டி வாய் ஆகியவை விருப்பத் தெரிவுகள். இவற்றின் செலவில் மூவறை வரையிலான வீடுகளுக்கு 5 விழுக்காடும், நாலறைக்கு 7.5 விழுக்காடும், ஐயறைக்கு 10 விழுக்காடும், எக்சிகியூட்டிவ் வீடுகளுக்கு 12.5 விழுக்காடும் கட்டணம்.

உங்கள் குளியலறையை விருப்பத் தெரிவில் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, புளோக் ஓட்டில் "சரி" என்று போடலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பலர் எதிர்த்து ஓட்டளிக்கிறார்கள், அதுதான் எங்களுக்கு வருத்தம். தகுதியுள்ள குடிமக்கள் குடும்பங்களில் 75 விழுக்காடு ஆதரித்தால்தான் புளோக்குக்கே திட்டம் வரும். நீங்கள் சொந்தமாகப் புதுப்பித்தபோது மாறியது டைலும் பொருத்திகளும்தான், புளோக்கின் மேலிருந்து கீழ்வரை ஓடும் பொதுக் கழிவுக்குழாய் அப்படியே இருக்கும். அதை ஒரு வீடு தனியாக மாற்ற முடியாது.

வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் கைப்பிடிக் கம்பிகள், தரை வழுக்காமல் செய்யும் பூச்சு, சாய்தளம் ஆகியவற்றுக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். மேம்பாட்டுத் திட்டத்துக்குக் காத்திருக்காமல் இவற்றுக்குத் தனியாகவும் விண்ணப்பிக்கலாம்.

தாழ்வாரத்தில் செருப்பு அலமாரியும் இரண்டு துளசித் தொட்டியும் வைத்திருக்கிறேன். அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுச் சைக்கிளுக்கு மட்டும் ஒன்றும் இல்லையா?
*வாசகி, யீஷூன்*

அளவுநாடாவை எடுங்கள். பொருளின் மிக நீட்டிய முனையிலிருந்து எதிர்க் கைப்பிடிச் சுவர்வரை குறைந்தது 1.2 மீட்டர் வழி இருக்க வேண்டும். உங்கள் தாழ்வாரம் 1.5 மீட்டர் அகலம் என்றால் அலமாரிக்குக் கிடைப்பது 30 சென்டிமீட்டர்தான். கதவைத் திறந்தால் வெளியே நீளும் அலமாரியை, திறந்த நிலையில் அளந்து பாருங்கள். தாழ்வாரமே 1.2 மீட்டர்தான் என்றால் அங்கே எதையும் வைக்க முடியாது. மாடிப்படியிலும் படித் தளத்திலும் எவ்வளவு இடம் இருந்தாலும் கூடாது. தீயணைப்புக் குழாய் இருக்கும் அலமாரிக் கதவுக்கு முன்னாலும் கூடாது.

இந்த 1.2 மீட்டர், புகை சூழ்ந்த நேரத்தில் தீயணைப்பு வீரர் கருவிகளோடு நுழையவும், தூக்குப்படுக்கையில் ஒருவரைத் திருப்பி எடுத்துப் போகவும் தேவைப்படும் இடம். துளசித் தொட்டியைக் கைப்பிடிச் சுவர்மேல் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். பத்தாம் மாடியிலிருந்து விழும் தொட்டி உயிரை வாங்கும்.

பக்கத்து வீட்டுச் சைக்கிளையும் அதே நாடாவால் அளக்கலாம். அளவு மீறினால் படத்துடன் நகர மன்றத்துக்கு எழுதுங்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை நேரில் சொல்லிப் பாருங்கள்.

நாலறை வீட்டை விற்க ஐந்து மாதமாக முயல்கிறோம். வந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், "உங்கள் புளோக்கில் எங்களுக்கு இடமில்லை" என்று திரும்பிப் போகிறார்கள். இந்தியர் கொடுக்கும் விலையோ மிகக் குறைவு. என்ன வழி?
*வாசகர், உட்லண்ட்ஸ்*

இதுபோன்ற கடிதம் எங்களுக்கு அடிக்கடி வருகிறது. சிறுபான்மை விற்பனையாளர்கள் படும் சிரமம் உண்மையானது, அரசாங்கமும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு புளோக்குக்கும் வட்டாரத்துக்கும் வரம்பு வைக்கிறது. சீனர்களுக்கு வட்டாரத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியரும் மற்றவர்களும் முன்பு 10, 13 ஆக இருந்து, 2010இல் 12, 15 ஆனார்கள். வரம்பு நிறைந்த இனத்தவருக்கு அதே இனத்தவர் மட்டுமே விற்கலாம், ஏனென்றால் அந்த விற்பனையால் விகிதம் மாறாது. உங்கள் புளோக்கிலோ வட்டாரத்திலோ சீனர் வரம்பு நிறைந்திருக்கிறது. அதனால் நீங்கள் சீனருக்கு விற்க முடியவில்லை, உங்கள் சீன அண்டைவீட்டார் மட்டும் யாருக்கும் விற்கிறார்.

செய்யக்கூடியவை இவை. வரம்பு நிலவரம் மாதந்தோறும் முதல் தேதி மாறும். வீவக இணையச் சேவையில் உங்கள் புளோக் எண்ணைக் கொடுத்து மாதாமாதம் பாருங்கள். சீனர் வீடு ஒன்று வேறு இனத்தவருக்கு விற்கப்பட்டால் இடம் திறக்கும், அடுத்தவர் வாங்கியதும் மூடிவிடும். விளம்பரத்தில் எந்த இனத்தவர் வாங்கத் தகுதி என்று முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள். வீணாகும் சந்திப்புகள் குறையும். கலப்புத் திருமணக் குடும்பங்களை மறக்காதீர்கள். கணவன் மனைவி வெவ்வேறு இனத்தவராக இருந்தால் இருவரில் ஒருவருடைய இனத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒருவர் இந்தியராக இருந்தாலே உங்கள் வீடு அவர்களுக்கு எட்டும். மலாய் வரம்பு நிறையாமல் இருந்தால் மலாய்ச் செய்தித் தளங்களிலும் விளம்பரம் போடுங்கள். பல முகவர்கள் இதைச் செய்வதில்லை.

வாங்குபவரின் தகுதியை, விருப்ப ஆவணம் (குறித்த நாள்வரை வீட்டை அவருக்கே விற்க ஒப்புக்கொள்ளும் பத்திரம்) கொடுக்குமுன் சரிபாருங்கள். விருப்பக் கட்டணம் அதிகபட்சம் 1,000 வெள்ளி, 21 நாள் அவகாசம். மறுவிற்பனை விண்ணப்பம் போகும் நாளின் நிலவரம்தான் முக்கியம் என்பதால், கடைசி நாள்வரை இழுத்தால் மாதத் தொடக்கத்தில் வரம்பு மாறி எல்லாம் கலையலாம்.

முழு முயற்சி செய்தும் விற்க முடியாதவர்களிடமிருந்து வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022 மார்ச்சில் வந்தது. எல்லாருக்கும் கிடைக்காது, ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பார்கள். அதற்கு ஆதாரம் வேண்டும்: எப்போதிருந்து விளம்பரம், என்ன விலை கேட்டீர்கள், யார் யார் வந்து ஏன் போனார்கள், முகவரின் செய்திகள். ஐந்து மாதத்தை வீணாக்கியதாக நினைக்காதீர்கள், இன்றே அந்தத் தகவல்களைத் தேதிவாரியாகத் தொகுத்து வையுங்கள். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகும்போதும் அந்தத் தொகுப்போடு போங்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான ஒரு கடிதம்தான் கிடைக்கும்.

அத்தை கணவரை இழந்தவர், மாத வருமானம் 900 வெள்ளி. வாடகை வீடு கிடைக்குமா?
*வாசகி, புக்கிட் பாத்தோக்*

பொது வாடகை வீடு குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கானது, அத்தை விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் இருந்து அவர்களிடம் இடமும் வசதியும் இருந்தால் கழகம் முதலில் அதைத்தான் கேட்கும். சேர்ந்து வாழ முடியாத காரணம் இருந்தால், குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியர் அறிக்கை பெரிதும் உதவும். தனியாளாக விண்ணப்பிப்பவர் இன்னொருவரோடு ஓரறை வீட்டைப் பகிர வேண்டியிருக்கும். அத்தை அதற்குத் தயாரா என்று முதலிலேயே பேசிவிடுங்கள், அங்கேதான் பல விண்ணப்பங்கள் பாதியில் நிற்கின்றன. ஒப்பந்தம் இரண்டாண்டுக்கு, பிறகு வருமானம் பார்த்துப் புதுப்பிப்பார்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஜன்னல் விழுந்தால் யார் பொறுப்பு?
*வாசகர், செங்காங்*

வீட்டு உரிமையாளரான நீங்கள். பராமரிக்காமல் ஜன்னல் விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவிட்டுகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ரிவிட் போட வேண்டும் என்பது 2004 முதல் கட்டாயம். ரிவிட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அலுமினியம் அரிக்கிறது என்று அர்த்தம். இழுக்கும் ஜன்னல்களில் தடம் முழுக்கத் தூசி இல்லாமல், இரு முனையிலும் தடுப்பான்கள் இருக்க வேண்டும். வாடகைதாரர் ஜன்னல் இறுகுகிறது என்று சொன்னால் பலங்கொண்டு இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டட, கட்டுமான ஆணையத்தின் பட்டியலில் உள்ள ஜன்னல் ஒப்பந்ததாரரை அனுப்புங்கள்.

எங்கள் புளோக்குக்கு எதிரே பிள்ளைகள் பந்து விளையாடும் திடல். அங்கே வீடு வருகிறதாம். நகர மன்றத்தில் மனுக் கொடுத்தால் நிறுத்தலாமா?
*வாசகர்கள் சிலர், ஜூரோங் வெஸ்ட்*

நகர மன்றம் புல்லை வெட்டலாம், நிலத்தின் பயன்பாட்டைத் தீர்மானிக்க முடியாது. அதைத் தீர்மானிப்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம். அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கான இந்தத் திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலிக்கப்படுகிறது. 2019இல் ஒன்று அரசிதழில் வந்தது, அடுத்ததன் வரைவு 2025 ஜூனில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

முதலில் ஆணையத்தின் இணைய வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். "குடியிருப்பு" என்று இருந்து, பக்கத்தில் 2.8 போன்ற எண் இருந்தால், நிலப்பரப்பைப்போல் 2.8 மடங்கு தரைப்பரப்பு கட்டலாம். 10,000 சதுர மீட்டர் திடலில் 28,000 சதுர மீட்டர் வீடுகள். அப்படியானால் திடல் இத்தனை நாள் காலியாக இருந்தது கட்டும் காலம் வராததால்தான், முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. "ஒதுக்கீட்டு நிலம்" என்று இருந்தால் பயன்பாடு இன்னும் முடிவாகவில்லை. உங்கள் குரலுக்கு அங்கே கூடுதல் இடம் உண்டு. "பூங்கா", "பள்ளி" என்று இருந்ததை மாற்றப் போகிறார்கள் என்றால், அந்தத் திருத்தம் பொதுவாக இரண்டு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான், தவறவிட்டால் பிறகு என்ன மனுக் கொடுத்தும் தாமதம்தான்.

என்ன எழுதுவது என்பதும் முக்கியம். "காட்சி மறைகிறது", "வீட்டு விலை குறையும்" என்ற வாதங்கள் எடுபடுவதில்லை. டோவர் காட்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வீடு கட்டும் திட்டத்துக்கு 2021 தொடக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. இயற்கை ஆர்வலர்கள் சுற்றுச்சூழல் ஆய்வையே எடுத்துக்கொண்டு, பல்லுயிர் வளம் மேற்குப் பாதியில்தான் கூடுதல் என்று காட்டி, கட்டும் இடத்தை மாற்றி யோசனைகள் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை, சுமார் பத்தாண்டு கழித்து மறுபடி பார்ப்போம் என்று அறிவிப்பு வந்தது. முழு வெற்றி இல்லை. ஆனாலும் காட்டில் பாதி நிற்கிறது.

உங்கள் மனுவிலும் அதுபோல் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். மாலையில் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், நடந்து போகும் தூரத்தில் வேறு திடல் இருக்கிறதா, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பள்ளிவிடும் நேரத்தில் சாலை எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள். வீடு வருவது உறுதி என்றால், கட்டுமானத்திலேயே ஒரு விளையாட்டுக்கூடமோ திறந்த இடமோ சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கோரிக்கையைக் கழகத்துக்கும் ஆணையத்துக்கும் ஒரே நாளில் அனுப்பி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.